மார்கழிக் காலையில் எரிந்த மஞ்சள் விளக்கு

ஐயப்பன்தாங்கலில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் 20, 21 டிகிரி. அதற்கே டிப்போவில் முதல் ட்ரிப் எடுக்கும் கண்டக்டர்கள் மஃப்ளர் கட்டிக்கொள்வார்கள். பால் பாக்கெட் வாங்கப் போகும் பெரியவர்கள் குல்லாய் போட்டுக்கொள்வார்கள். காலை ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் எல்லாம் கழன்றுவிடும்.

ஆனால் அந்தச் சில மணி நேரக் குளிர் கார்களுக்குத் தெரிகிறது. டிசம்பர் பிறந்ததும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பார்க்கிங்கில் சாவியைத் திருப்பியவுடன் பல கார்களில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். அரைவட்டப் பானை, உள்ளே ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்பதன் அடையாளம் அது. டயரைக் குறுக்கே வெட்டினால் அப்படித்தான் இருக்குமாம். வடிவமைத்தவர்கள் அதை ஒரு முறையாவது சாதாரண மனிதர் யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம்.

மவுண்ட் - பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் குடும்பத்துக்கும் இந்த விளக்கு போன டிசம்பரில் எரிந்தது. மருமகன் கிண்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறார். மகள் பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். நான்கு வயதில் ஒரு பேத்தி. இவர்களோடு மாமனார். பல்லவன் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, பஸ் டிப்போவின் டயர் செக்‌ஷனில் பல வருடம் இருந்துவிட்டு ரிட்டயர் ஆனவர். கையில் ஒரு கம்பியோடு வரிசையாக நிற்கும் பஸ்களைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் தட்டி, சத்தத்தை வைத்தே எது இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மருமகனின் காரைத் தட்டிப் பார்க்க அவரை யாரும் கேட்டதில்லை. அவராகவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் கார்.

முதல் வாரம் அந்த விளக்கு ஒரு விளையாட்டு காட்டியது. காலையில் ஐயப்பன்தாங்கலில் எரியும். போரூர் ரவுண்டானா தாண்டி, ராமாபுரம் தாண்டி, நந்தம்பாக்கம் வரும்போது தானாக அணைந்துவிடும். மருமகன் அதை சென்சார் கோளாறு என்று நினைத்தார். இரண்டாவது வாரத்தில் கிண்டி வரை அணையவில்லை. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, கடைசியாகக் காற்று பிடித்தது எங்கே என்று. டிப்போ தாண்டி காட்டுப்பாக்கம் போகும் வழியில், மெட்ரோ தூண்களுக்கு ஓரமாக இருக்கும் ஒரு சின்ன பஞ்சர் கடை. அக்டோபரில் அங்கே நான்கு டயருக்கும் 33 வைத்தார்கள். இரண்டே மாதத்தில் விளக்கு எரிகிறதென்றால்?

அன்று இரவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். அந்தக் கடையில் காற்று சரியாக வைப்பதில்லை, கேஜ் தப்பு, கடைக்குப் பக்கத்திலேயே ஆணி போட்டு வைக்கிறார்களோ என்றும் சந்தேகம், யாரும் போகாதீர்கள். நூறு வீடுகளுக்கு மேல் உள்ள குழு. கட்டைவிரல் உயர்ந்தது, கைகூப்பல்கள் வந்தன. 'எனக்கும் இதே அனுபவம்' என்று நான்கு பேர் எழுதினார்கள். அவர்களுக்கும் டிசம்பரில்தான் விளக்கு எரிந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காபி குடிக்கும்போது விஷயம் மாமனார் காதுக்கு வந்தது.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குக் காத்து புடிச்சப்போ வண்டி எங்கேர்ந்து வந்துச்சு?"

"காஞ்சிபுரம் போயிட்டு வந்தோமே மாமா, கல்யாணத்துக்கு. மதியம் ரெண்டு மணி இருக்கும்."

"அப்ப டயர் சூடு. சூட்டுல வச்ச காத்து குளிர்ல நிக்காது. இது குளிருதான். பயப்பட ஒண்ணுமில்ல."

பெரியவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி தெரியவர மூன்று நாள் ஆனது. அதற்கு முன் அந்தச் சரியான பாதியைப் பார்த்துவிடலாம். டிசம்பரில் விளக்கு எரிகிற பெரும்பாலான வீடுகளில் அதுதான் காரணம்.

டயருக்குள் அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். இதை அளந்து சொன்னவர்களில் முன்னோடி கியோம் அமோன்டோன் என்ற பிரெஞ்சுக்காரர். சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர். 1699-ல் இரண்டு பொருட்கள் உரசும்போது எழும் உராய்வைப் பற்றிய விதிகளைச் சொன்னார். 1702 வாக்கில் காற்றின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைக் காட்டினார். கார் டயர் அவர் காலத்தில் இல்லை. இருந்தாலும் வெளியே ரோட்டோடு உராய்வது, உள்ளே காற்றின் அழுத்தம் என்று ஒரு டயர் செய்யும் இரண்டு வேலைகளுக்கும் அவர் கணக்குதான் அடிப்படை.

அந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்தால், ஒரு சாதாரண காரில் 10 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். சென்னையில் மதியத்துக்கும் விடியலுக்கும் வித்தியாசமே அவ்வளவுதான். அந்த ஒன்றரைக்காக எந்தக் காரும் விளக்கு எரிக்காது. பல கார்களில் கம்பெனி சொன்ன அளவில் கால் பங்கு குறைந்தால்தான் எரியும். 33 வைக்க வேண்டிய காரில் 25-க்கு வர வேண்டும். எட்டு குறைய வேண்டும்.

எட்டும் வானிலையால் வராது, ஓட்டத்தால் வரும். காஞ்சிபுரத்திலிருந்து மதிய வெயிலில் நெடுஞ்சாலையில் வந்த டயர், வளைந்து நிமிர்ந்து, தார் ரோட்டின் சூட்டையும் வாங்கி, உள்ளே 55 டிகிரிக்குப் போயிருக்கலாம். அந்த நிலையில் கேஜில் 33 காட்டும்வரை காற்று பிடித்தால், அதே டயர் மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு வரும்போது 28-தான் காட்டும். ஐந்து அங்கேயே போய்விட்டது. ஓட்டை ஒன்றும் இல்லாத நல்ல டயரே மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை இழக்கும். ரப்பர் வழியாகவும் வால்வு வழியாகவும் கசியும். அக்டோபரிலிருந்து டிசம்பருக்கு மூன்று. மொத்தம் எட்டு.

காலையில் எரிந்த விளக்கு நந்தம்பாக்கத்தில் அணைந்ததும் இதனால்தான். அரைமணி நேரம் ஓடியதில் டயர் சூடாகி, இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. ஏறிவிட்டது. சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

கார் கதவைத் திறந்தால் டிரைவர் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, முழு லோடு என்றால் எவ்வளவு என்று போட்டிருக்கும். அந்த எண்கள் எல்லாம் ஆறிய டயருக்கானவை. ஆறியது என்றால் வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று ஒரு பெரிய எண் அச்சாகியிருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்துவிட்டு "இவ்ளோ போட்டிருக்கான், நீ முப்பத்து மூணுதான் வைக்கிறியே" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களும் இந்த ஊரில் உண்டு.

சரி, வீட்டிலிருந்து பங்க் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? ஒரு வழி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ் ஒன்று வாங்கி, காலையில் பார்க்கிங்கிலேயே அளந்துவிடலாம். 33 இருக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தால் ஐந்து குறைவு என்று எழுதிக்கொள்ள வேண்டியது. பங்குக்குப் போய்ச் சேரும்போது அது 30 காட்டினால், அதன் மேல் ஐந்து சேர்த்து 35 வைக்கச் சொன்னால் போதும். மறுநாள் காலை 33 இருக்கும். கூடக்குறைய இருந்தாலும் அரைதான்.

மாமனாருக்கு இந்தக் கணக்கெல்லாம் கையில் இருந்தது. டிப்போவில் பஸ்களுக்கு நூறு பவுண்டுக்கு மேல் வைப்பார்கள்; ராத்திரி ஷெட்டுக்கு வந்து ஆறிய பிறகு, விடிவதற்குள். ஆகவே அவர் 'குளிருதான்' என்று சொன்னதோடு விஷயம் முடிந்திருக்கும். பொங்கலுக்கு முன் ஊட்டி போவதாக வீட்டில் ஏற்கெனவே பேச்சு. ரூம் போட்டாகிவிட்டது. நீலகிரிக்குப் போக இ-பாஸும் எடுத்தாகிவிட்டது. விளக்கு எரிந்தாலும் குளிர்தானே என்று அப்படியே கிளம்பியிருப்பார்கள்.

மகள்தான் விடவில்லை. "அப்பா, குளிர்னா நாலு டயருக்கும் ஒரே குளிர்தானே? நாலையும் அளந்தீங்களா?"

பெரியவர் அளக்கவில்லை. அன்று மாலையே போரூர் போய் ஒரு கேஜ் வாங்கிவந்தார். மருமகனுக்கு அந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை, வண்டி நகரவில்லை. அது வசதியாகப் போயிற்று. பேத்தியின் பழைய ரூல் நோட்டில் நான்கு கட்டம் போட்டு, காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் எழுதினார்.

முதல் நாள் காலை: முன்னால் இரண்டும் 26, பின் வலது 25, பின் இடது 23. மதியம்: 27, 27, 26, 23. இரண்டாம் நாள் காலை: 26, 26, 25, 22. மதியம் முன் டயர்கள் மறுபடி 27-க்கு வந்தன. பின் இடது 22-லேயே நின்றது. மூன்றாம் நாள் காலை அது 21.

மூன்று டயர்கள் வெயிலோடு ஏறி, குளிரோடு இறங்கி, பழைய இடத்துக்கே வருகின்றன. ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. குளிருக்கு டயர்களில் வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, நான்கையும் ஒரே மாதிரி தொடும். ஆணிதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை விளக்கு சொல்லாது. டயர் வாரியாக எண் காட்டும் சில கார்களில் பார்க்கலாம். மற்றவற்றில் நான்குக்கும் சேர்த்து ஒரே மஞ்சள்தான். குனிந்து அளந்தால்தான் உண்டு.

இன்னொன்றும் இருந்தது. இவர்களின் காரில் ஸ்டெப்னி கிடையாது. 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் சின்ன கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆனது. டிக்கியில் இடம் மிச்சம், எடை மிச்சம். ஆனால் ஸ்டெப்னிக்குப் பதிலாக வந்தது இந்த மஞ்சள் விளக்கு என்பதை வாங்குகிறவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்த விளக்கை அலட்சியப்படுத்திவிட்டு, ஸ்டெப்னியும் இல்லாமல், பேத்தியைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் ஏறுவதாக இருந்தார்கள்.

காற்று குறைந்த டயர் என்ன செய்யும்? பக்கவாட்டுச் சுவர் அதிகமாக மடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். ஊருக்குள் நாற்பதில் ஓட்டும்போது தெரியாது. நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டு ஒரு மணி நேரம் போனால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் இப்படிப் பிரிந்து, வண்டிகள் உருண்டு, 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயரின் தயாரிப்புக் குறையா, காரின் வடிவமா என்று இரண்டு கம்பெனிகளும் அடித்துக்கொண்டன. அந்தக் கார்களுக்கு 26 பி.எஸ்.ஐ. போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்ததும், 30 வையுங்கள் என்று ஃபயர்ஸ்டோன் பிறகு சொன்னதும் அந்தச் சண்டையில் பெரிய விஷயம். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இந்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. பானைக்குள் ஆச்சரியக்குறிக்குப் பின்னால் அவ்வளவு சாவுகள் இருக்கின்றன.

நம் ஊரில் எதிர்மாறான ஒரு நம்பிக்கை வேறு ஓடுகிறது. 'வெயில் காலம், டயர் வெடிக்கும், ரெண்டு கம்மியா வைங்க.' மே மாதத்தில் எந்த பஞ்சர் கடையில் நின்றாலும் இதைக் கேட்கலாம். கம்மியாக வைத்தால் மடங்கல் கூடும், மடங்கினால் சூடு கூடும். எதற்குப் பயந்தார்களோ அதற்கே வழி. வெயிலில் ஓடி நாலைந்து ஏறும் என்பது டயர் செய்தவர்களுக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள்.

நைட்ரஜன் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கொடுத்து நைட்ரஜன் பிடித்தால் குளிரில் இறங்காது என்று சொல்லி விற்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிர்ந்தால் அதுவும் அதே கணக்கில்தான் இறங்கும். ஈரம் குறைவு, கசிவு கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவே. வேண்டுமானால் பிடிக்கலாம். பிடித்துவிட்டோம் என்று ஆறு மாதம் பார்க்காமல் இருப்பதற்கு, மாதம் ஒரு முறை சும்மாக் காற்று பிடிப்பது எவ்வளவோ மேல்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாமனாரும் மருமகனும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே போவது என்பதில் ஒரு சின்ன இழுபறி. மருமகன் பூந்தமல்லியில் ஒரு பெரிய டயர் ஷோரூமைச் சொன்னார். பெரியவர், "பக்கத்துல இருக்குற கடைக்குப் போவோம் மாப்பிள்ளை. 21 பவுண்டுல பூந்தமல்லி வரைக்கும் எதுக்கு உருட்டணும்?" என்றார். அவர் சொன்ன காரணம் அதுதான். மனதில் வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

கடைக்கார இளைஞருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. திருவண்ணாமலைப் பக்கம். கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, பழைய டயர்கள் நான்கு, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. கடை மொத்தமும் அவ்வளவுதான். காரைப் பார்த்ததும் எழுந்தார். சிரிக்கவில்லை. குடியிருப்பு வாட்ச்மேன் அவரிடம் டீ குடிக்க வருகிறவர். வாட்ஸ்அப் செய்தியைப் படித்துக் காட்டியிருந்தார்.

பெரியவர் பின் இடது டயரைக் காட்டினார். இளைஞர் ஒன்றும் பேசாமல் ஜாக்கி வைத்துத் தூக்கி, பாட்டிலில் இருந்த சோப்புத் தண்ணீரை டயர் முழுக்க ஊற்றிக் கையால் மெல்லச் சுழற்றினார். பாதிச் சுற்றில் ஓர் இடத்தில் குமிழி வந்தது. கடுகு அளவு, பிறகு மிளகு அளவு. சிமென்ட் ஷீட்டில் அடிக்கிற ஸ்க்ரூ ஒன்று, தலை தேய்ந்து ரப்பரோடு ரப்பராக உட்கார்ந்திருந்தது. புதுக் கட்டடங்களும் மெட்ரோ வேலையுமாக இருக்கிற ஏரியாவில் அது எங்கே ஏறியது என்று யார் சொல்ல முடியும்?

"எடுத்தா மொத்தக் காத்தும் போயிடும் ஐயா. ஒட்டிடட்டுமா?"

"ஒட்டுப்பா."

ஸ்க்ரூவைப் பிடுங்கி, ஓட்டையை ராவி, பசை தடவிய ரப்பர் திரியைத் திருகி ஏற்றி, வெளியே நீட்டிய வாலை பிளேடால் அறுத்தார். காற்று ஏற்றி மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை. மற்ற மூன்று டயர்களுக்கும் காற்று வைக்க ஹோஸை எடுத்தவர் நின்றார். மருமகனைப் பார்த்துச் சொன்னார்:

"சார், அன்னிக்கு வெளியூர்லேர்ந்து வந்து நேரா இங்க நிறுத்தினீங்க. டயர்ல கை வைக்க முடியல. காலைல வாங்க சார், இப்ப வச்சா சரியா இருக்காதுன்னேன். டைம் இல்லைன்னீங்க."

மருமகன் பதில் சொல்லவில்லை. பெரியவர் தன் புது கேஜை எடுத்து நீட்டினார். "தம்பி, உன் கேஜையும் இதையும் ஒரு தடவை வச்சுப் பாத்துரலாமா?" இரண்டையும் ஒரே டயரில் வைத்துப் பார்த்தார்கள். அரை பாயின்ட் வித்தியாசம். யாருடையது சரி என்று இளைஞர் கேட்கவில்லை.

வீட்டிலிருந்து கடை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. டயர்கள் இன்னும் ஆறியே இருந்தன. நான்குக்கும் 33. பஞ்சருக்கு நூற்றைம்பது ரூபாய் ஆனது. காற்றுக்குக் காசு வாங்கவில்லை.

அன்று இரவு குழுவில் மருமகன் எழுதினார். முதல் செய்தியை அழிக்கப் பார்த்தார். நாளாகிவிட்டதால் எல்லோருக்கும் அழிக்க முடியவில்லை. அதற்குக் கீழேயே எழுதினார்: என் டயரில் ஸ்க்ரூ இருந்தது, கடைக்காரர்தான் கண்டுபிடித்தார், அவர் கேஜ் சரி, அக்டோபரில் சூட்டில் காற்று பிடித்தது நான். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. முதல் செய்திக்கு வந்தது முப்பத்தெட்டு.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம். புறப்படும் முன் விடியற்காலையில் பெரியவர் அளந்தார். 22 டிகிரி, நான்கும் 33.

அவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊட்டியில் விடியலில் மூன்று டிகிரி என்று போனில் பார்த்திருந்தார். ஏறக்குறைய இருபது டிகிரி வித்தியாசம். மூன்று பவுண்டு இறங்கும். 30 காட்டும். அங்கே ஒரு பங்கில் மூன்று ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் டிப்போ பஸ்கள் எதுவும் மலை ஏறியதில்லை. ஆனாலும் காற்று காற்றுதானே.

ஊட்டியில் முதல் காலை. தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. தங்கிய இடத்திலும் கார் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. பெரியவர் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, விறைத்த விரல்களால் வால்வு மூடியைக் கழற்றி கேஜை வைத்தார்.

33.

அடுத்த டயர், 33. நான்கும் அப்படியே. கேஜ் கெட்டுவிட்டதோ என்று உதறிப் பார்த்தார். விளக்கும் எரியவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. விளக்கு எரிந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும்.

மகள் எழுந்து வந்ததும் கேட்டார். அவள் காருக்குள் கையை விட்டு, பேத்தி முந்தின நாள் மேட்டுப்பாளையத்தில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"கீழ வாங்கினப்போ இப்படியாப்பா இருந்துச்சு? உள்ள இருக்குற காத்து அதேதான். வெளியே அமுக்குற காத்துதான் இங்க கம்மி."

கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பி.எஸ்.ஐ. அழுத்துகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது பதினொன்றுக்குச் சற்று மேல்தான். குளிர் உள்ளே மூன்றைக் குறைத்தது. மலை வெளியே மூன்றரையைக் குறைத்தது. கணக்கு நேராகிவிட்டது. சென்னையில் விடியலில் சரியாகக் காற்று வைத்த காருக்கு, நம் மலைகளுக்குப் போவதற்கென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அன்று மதியம் வெயில் வந்து 18 டிகிரிக்கு ஏறியதும் பெரியவர் மறுபடி அளந்தார் (அதற்குள் அவருக்கு அது ஒரு பழக்கமாகியிருந்தது). 36 காட்டியது. நின்ற வண்டியிலேயே மூன்று கூடுதல். பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த டிராவல்ஸ் டிரைவர் ஒருவர், "இறக்கி விட்ருங்க சார், மலை இறங்கறப்ப இன்னும் ஏறும்" என்று யோசனை சொன்னார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே 33-க்கு இறக்கிவிட்டு வந்தால், ஐயப்பன்தாங்கல் பார்க்கிங்கில் மறுநாள் விடியலில் அதே டயர் 30-தான் காட்டும். மேலே மிச்சம் போலத் தெரிந்த மூன்றும் கீழே தேவைப்படும் காற்று. ஊர் திரும்ப 550 கிலோமீட்டர் அளவுக்கு நெடுஞ்சாலை ஓட்டம் வேறு இருக்கிறது.

பெரியவர் வால்வு மூடியைத் திருகி மூடினார். டிரைவர், "உங்க இஷ்டம் சார்" என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் இறங்கினார்கள். ஊட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு இறுக்கி மூடிய காலி பாட்டில் ஒன்று பேத்தியின் மடியில். குன்னூர் தாண்டி, வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தவள் பர்லியார் பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாட்டிலின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது. கல்லாறு வருவதற்குள் இன்னொரு பக்கமும்.

"தாத்தா, யாரு அமுக்குறா?"

முன் சீட்டிலிருந்து பெரியவர் திரும்பி அந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பிறகு, "மாப்பிள்ளை, மேட்டுப்பாளையத்துல டீக்கு நிறுத்துங்க, பின் இடதை ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார்.

"சூடா இருக்குமே மாமா?"

"சூட்டோடயே நாலையும் பாப்போம். நாலும் ஒரே மாதிரி ஏறியிருக்கான்னு மட்டும்."

நிறுத்தினார்கள். டீ வருவதற்குள் அளந்துவிட்டு வந்தார். முன்னால் இரண்டும் 36, பின்னால் இரண்டும் 35. ரூல் நோட்டில் எழுதிக்கொண்டு, டீயில் சர்க்கரை கம்மி என்று திருப்பி அனுப்பினார்.